எல்லாம் நல்லாயிருக்கு

ஏரலில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கண் காணாத தேசத்தில் கிடக்கிறவனுக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாது. சொன்னால் அவன் என்ன செய்ய முடியும், சோறு இறங்காமல் கிடப்பதைத் தவிர? ஸமீஹாவின் மாமியார் ஹமீது பீவி இந்தச் சட்டத்தில் புலி. மகன் யாசர் துபாயிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் நின்று மருமகளைப் பார்த்துக் கண்ணை உருட்டுவாள். குழந்தை காய்ச்சலில் கிடந்தாலும் "விளையாடிக்கிட்டு இருக்கா" என்றுதான் சொல்ல வேண்டும்.

எதையும் சொல்லாமல் இருந்ததில் ஸமீஹாவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கல்லூரித் தோழி பத்மப்ரியாவிடம் புலம்பினாள். ஆழ்வார்திருநகரியில் டீச்சராக இருக்கும் அவள், போனிலேயே ஒரு பிளாக் ஆரம்பித்துக் கொடுத்தாள். 'சும்மா ஒரு நாள்' என்று பெயர். எழுதுகிறவளின் பெயர் போடவில்லை.

"ஏட்டி, இத யாரு படிப்பா? நான் என்ன பெரிய ஆளா?"

"பெரிய ஆளுங்க கததான் கொட்டிக் கிடக்கே. நீ ஒன் வீட்டப் பத்தி எழுது. ஒருத்தரும் படிக்கலன்னா நான் படிக்கேன்."

சொன்னபடி அவள் ஒருத்திதான் படித்தாள். எப்போதாவது முகம் தெரியாத யாராவது வழி தவறி வந்து போவார்கள். ஸமீஹா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மீன்காரியிடம் ஏமாந்தது, மாமியாரோடு சண்டை, மறுபடி ராசி, மகள் அஸீலா விழுந்த முதல் பல்லை முழுங்கிவிட்டு அழுதது எல்லாவற்றையும் எழுதினாள். எழுதி முடித்ததும் மனசு கொஞ்சம் லேசாகும். அது போதும் என்றிருந்தது.

ஆற்றில் பெருவெள்ளம் வந்து ஊரை மூழ்கடித்தபோது, நெஞ்சளவுத் தண்ணீரில் மாமியாரைத் தெருப் பையன்கள் கட்டிலோடு தூக்கிப் போனதையும் எழுதினாள். ஆனால் டவர் உயிர் பெற்று மகன் போன் வந்ததும் ஹமீது பீவி சொன்னது வேறு.

"தண்ணி தெருவோடயே போயிட்டுது வாப்பா. நம்ம வீட்டுக்குள்ள வரல."

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். ஹமீது பீவியின் புளுகு யாசர் ஊர் வரும்வரை தாக்குப்பிடித்ததே பெரிய காரியம். வந்த மறுநாளே டீக்கடையில் குட்டு உடைந்தது. "ஒங்க உம்மாவ கட்டிலோட தூக்குனதுல என் முதுகு இன்னும் நிமிரல வே" என்று ஒருவன் சிரித்தான். யாசருக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே வீட்டுக்கு வந்தான்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. நான் என்ன இந்த வீட்டுக்கு விருந்தாளியா?"

"நீ வருத்தப்படுவேன்னுதான் வாப்பா..."

"வருத்தப்படுததுக்குக்கூட எனக்குப் பாத்தியதை இல்லையா உம்மா?"

அன்றிலிருந்து யாசர் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அஸீலா வேறு அவனைக் கண்டாலே உம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவன், டிக்கெட்டை மாற்றி முன்னாலேயே கிளம்பப்போவதாகச் சொன்னான். இந்தக் கோபத்தோடு அவன் விமானம் ஏறினால், திரும்பி வரும்போது கணவனாக வருவானா என்றே ஸமீஹா பயந்தாள்.

பிளாக்கைக் காட்டலாம். ஆனால் அதில் அவனைப் பற்றியும் இருந்தது. 'சாப்பிட்டியா என்கிறார். சாப்பிட்டேன் என்கிறேன். ஓட்டல் சர்வரோடுகூட இதைவிட அதிகம் பேசலாம்' என்று ஒருநாள் எரிச்சலில் எழுதியிருந்தாள். அதை மட்டும் அழித்துவிட விரல் போயிற்று. நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தால் மாமியாருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றவே, போனை அப்படியே அவன் கையில் வைத்தாள்.

"இதுல எல்லாம் இருக்கு. ஒங்களத் திட்டியும் இருக்கேன். படிச்சிட்டுப் போகணும்னா போங்க."

அடுக்களைக்கு வந்துவிட்டாளே தவிர, வேலை ஓடவில்லை. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். வெகுநேரம் கழித்து உள்ளறையில் யாசர் சிரிப்பது கேட்டது.

"அஸீலா, முழுங்குன பல்லு வயித்துக்குள்ள முளைச்சிட்டா?"

"ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று குழந்தை உள்ளே ஓடினாள். முளைத்த பல்லைக் காட்ட அவன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு யாசர் அடுக்களை வாசலுக்கு வந்தான்.

"சர்வர் மாதிரின்னு எழுதியிருக்கியே, அது நெசந்தான்" என்றான். "இதுல நானும் ஒண்ணு எழுதலாமா?"

பதிலுக்குத் திட்டப்போகிறான் என்று நினைத்தாலும், எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். அவன் வாசல்நிலையில் சாய்ந்தபடி, ஒற்றை விரலால் பைய எழுதி, போனை நீட்டினான்.

'வெள்ளம் வந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஊரில் டவர் இல்லை என்றார்கள். நல்லவேளை, கொஞ்ச நாளைக்கு வீட்டில் பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன்.'

வந்த நாளிலிருந்து அவன் தரையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. துபாய்ப் பவுசு என்று மாமியாரும் மருமகளுமாகக் கேலி பேசியிருந்தார்கள். ஸமீஹாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு வலியையும் ஒற்றை ஆளாக எப்படித் தாங்கினான்?

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஹமீது பீவி நிமிர்ந்து பார்த்தாள். "ஏளா, என்னத்த எழுதியிருக்கான்?"

"ஒண்ணுமில்ல மாமி" என்று வாயெடுத்த ஸமீஹா, அதை அப்படியே விழுங்கிவிட்டு, முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.