எண்ணெய்த் தரை

அன்று வார்டில் இருந்தவர்கள்: வெள்ளைக்காரப் பெரிய தொரை, டாக்டரய்யா தம்பிராசா, ஆயாக்கள் ராக்காயியும் மீனம்மாவும், காவல்காரன் செல்லசாமி, கட்டில்களில் சுருண்டு கிடந்த நோயாளிகள் சிலர். ராக்காயி விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

தொரை வரும் நாளில் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் சிவப்புத் தரை மின்ன வேண்டும். மெழுகு பூசித் தேங்காய் மட்டையால் தேய்ப்பார்கள். அந்த வாரம் அடைமழை. மெழுகு காயாமல் மங்கிக் கிடந்தது.

"மேல தேங்காயெண்ணெய் போட்டுத் தேயுங்கோ" என்றார் டாக்டரய்யா.

தொரை முன்னால் ஆயாக்கள் செருப்புப் போடக் கூடாது. நோயாளியின் மலச்சட்டியோடு ஒதுங்கப் போன ராக்காயியின் வெறுங்கால் எண்ணெயில் வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. சட்டியில் இருந்தது அவள் மேலும் தொரையின் சப்பாத்து மேலும் கொட்டியது.

டாக்டரய்யா ஓடிவந்து மண்டியிட்டார். தன்னைத் தூக்கத்தான் வருகிறார் என்று ராக்காயி கையை நீட்டினாள். அவர் கைக்குட்டையை எடுத்துச் சப்பாத்தைத் துடைத்தார். துடைத்ததை மடித்துத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். வருஷக்கணக்காக ஊரார் மலத்தை அள்ளியும் குமட்டாத அவளுக்கு அப்போது குமட்டியது.

தொரையின் கார் போயிற்று.

"கட்டில்ல போடுங்கய்யா. காலு அசையல."

"ஆஸ்பத்திரியில வேலை செய்யேக்க விழுந்ததெண்டு எழுதினால் நட்டஈடு குடுக்கவேணும், தொரைக்கு ஆர் பதில் சொல்லுறது? நீ உன்ர லயத்து வீட்டிலதான் விழுந்தனீ."

"பீயில கெடக்கேன். லயம்ங்கிறீங்க."

"லயத்தில விழுந்தனீ எண்டு சொல்லு."

வலி நெஞ்சுக்கு ஏறியது. கட்டில் கைக்கெட்டும் தூரத்தில் காலியாக இருந்தது.

"சரிங்கய்யா. லயத்துலதான் விழுந்தேன். போடுங்க."

"லயத்தில விழுந்தவள் இங்க என்ன செய்யிறாய்? செல்லசாமி, லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போ. நாளைக்குக் காலமை அங்கயிருந்து கொண்டுவா. கட்டில் தாறன்."

செல்லசாமி தலையைச் சொறிந்தான். "மழைங்கய்யா."

"கம்பளி இருக்குத்தானே."

"பொணத்தக்கூட ஒரு தடவதான் தூக்குவாங்க" என்றாள் மீனம்மா. சொல்லிவிட்டு, ராக்காயியைக் கிடத்திய கம்பளியின் ஒரு முனையைப் பிடித்தாள். அவளுக்கும் இந்த வேலை வேண்டும்.

ராக்காயியைக் கழுவக்கூட இல்லை. படியில் கம்பளி இடித்தபோது அவள் கெட்ட வார்த்தையால் வைதாள். யாரை என்று யாரும் கேட்கவில்லை. மழை அவள் முகத்தில் விழுந்தது. பின்னால் டாக்டரய்யா கதவைச் சாத்தி, உள்ளே பூட்டிக்கொண்டார்.