சாயம் வைக்காத இலை

அறிக்கை வருவதற்கு முன்னாலேயே ஜீவராணி அதற்குப் பிரேம் பார்த்து வைத்துவிட்டாள். புளத்கொகுபிட்டிய டவுனில் இப்றாஹிம் நானா கடையில், தங்க ஓரம் போட்டது. அறிக்கையில் தன் பேர் வரப்போகிறது என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அவள் சொல்லாத ஆள் பாக்கியில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அதை இரண்டு தடவை கேட்டவர்களும் உண்டு.

பேர் போடுவதாகச் சொன்னவன் சுரேந்திரன். அதே லயத்தில் பிறந்து, கொழும்புக்குப் படிக்கப் போனவன். 2008இல் ஆராய்ச்சி செய்கிறேன் என்று தோட்டத்துக்குப் பக்கத்து ஆய்வுகூடத்துக்கே வந்து சேர்ந்தான். அங்கே ஜீவராணிதான் உதவியாளர். கொழுந்தை அரைக்காமல் முழுசாகவே வைத்து, ஒளிரும் சாயம் ஏற்றி, நோயை எதிர்க்கும் மரபணு இலையில் எந்த இடத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்று வெளிச்சத்தை வைத்து அளப்பது அவன் ஆராய்ச்சி. பிளேடால் அலுங்காமல் வெட்டி எடுக்கலாம் என்றாள் ஜீவராணி. கேட்டால்தானே? மலையில் பெண்கள் கிள்ளிய கொழுந்தே போதும், கூடையிலிருந்து அள்ளிக்கொண்டு வாங்க என்றுவிட்டான்.

நகம் பட்ட ஓரமெல்லாம் பச்சையாக ஜொலித்தது. காயம் பட்டதும் மரபணு விழித்துக்கொண்டது என்று சுரேந்திரன் ஐயா குதித்தார். ஜீவராணிக்கு மனசு ஒப்பவில்லை. கிள்ளியதில் சாயமே வைக்காத ஒரு இலையை வெளிச்சம் அளக்கும் கருவியில் வைத்தாள். அதுவும் அப்படியே ஜொலித்தது. கிள்ளிய இடம் தானாகவே மினுங்குகிறது, மரபணுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படத்தை இரண்டு அச்செடுத்து, பின்னால் தேதி எழுதி, ஒன்றை அவனிடம் கொடுத்தாள்.

சுரேந்திரன் படத்தை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினான்.

“அக்கா, இது நமக்குள்ளயே இருக்கட்டும். ஒங்க பேர நான் அறிக்கையில போடுறேன்.”

அவளும் வாயை மூடிக்கொண்டாள். பேர் ஆசை அப்படி.

அறிக்கையைச் சோதித்த பேராசிரியர் விட்டாரா? சாயமில்லாத இலையைப் பார்த்தீர்களா என்று அதையே கேட்டார். திருத்திய அறிக்கை அடுத்த வருஷம் தபாலில் வந்தது. ஜீவராணி அதைத் தூக்கிக்கொண்டு நேரே நானா கடைக்குப் போனாள். கடைசிப் பக்கத்தில் தன் பேரை அவளே கண்டுபிடித்தாள். அதைச் சுற்றியிருந்த இங்கிலீஷைத்தான் நானா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்துச் சொன்னார். சாயமில்லாத இலையைச் சோதிக்கும் வேலை உதவியாளர் ஜீவராணியிடம் கொடுக்கப்பட்டிருந்தது, அவர் அதைச் செய்யாததால் இந்தப் பிழை நேர்ந்தது.

வேறு மாதிரி வந்துவிடாதா என்று நானா இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தார். வரவில்லை.

“வந்த மொத நாளு எங்க வீட்டுலதான் நானா ரொட்டி தின்னான்.”

மனுஷன் பிரேமை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஜீவராணி பையைத் திறந்து சாயமில்லாத இலைப் படத்தின் மற்ற அச்சை எடுத்தாள். அறிக்கையோடு சேர்த்து அதையும் பிரேம் போட வைத்திருந்தாள். பின்பக்கம் அவள் சோதித்த நாளின் தேதி அப்படியே இருந்தது. பேராசிரியரின் விலாசமும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

“பிரேம் வேணாம் நானா. ஒரு கவரும் முத்திரையும் குடுங்க.”

யாருக்கு என்று நானா கேட்டார். அவரிடம் சொன்னால் டவுனுக்கே சொன்ன மாதிரி. அதனால் பேராசிரியருக்கு என்று சத்தமாகவே சொன்னாள்.