இரண்டாம் ஷிப்டு பாலத்தில் ஏறிய கதை

அந்தத் தொழிற்பேட்டையில் மென்பொருள் ஒரு பாலத்துக்கு உருவம் கொடுக்கும் முன், அதன் மேல் ஏறப்போகும் சுமைகள் நேரில் வந்து தங்கள் கோரிக்கைகளைச் சொல்ல வேண்டும். சுமைகளுக்குச் சங்கம் உண்டு. தலைவர் தோழர் வேதமாணிக்கம்.

ரயில் பாதைக்கு மேல் நடைபாலம் கேட்டு அவர் முதல் துண்டறிக்கையை அச்சடித்தபோது அவருக்கு மீசை கறுப்பு. அதன் பிறகு தண்டவாளத்தைக் கடக்கப்போய்ப் பலர் செத்தார்கள். மனு வாங்கிய அதிகாரிகள் மாலை போட்டுக்கொண்டு ஓய்வுபெற்றார்கள். இப்போதுதான் பாலம் கைக்கு எட்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் உருவம் வராவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும்.

வடிவமைப்பு அறையின் பெஞ்சில் மூன்று சுமைகள் உட்கார்ந்திருந்தன: காற்று, ரயிலின் அதிர்வு, இரண்டாம் ஷிப்டு. சங்கு ஊதியதும் ஒரே மூச்சில் ஓடி ஏறுகிற கூட்டத்தின் எடைதான் இரண்டாம் ஷிப்டு. அது உட்கார்ந்த பக்கம் பெஞ்சு வளைந்திருந்தது.

பொறியாளர் தமயந்தி கணக்கை ஓடவிட்டாள். காற்று ஏறியது, பாலம் நின்றது. அதிர்வு ஏறியது, நின்றது. இரண்டாம் ஷிப்டு ஏறியதும் பாலம் திரையிலிருந்து கழன்று ஜன்னல் வழியாகக் கிளம்பியது. தமயந்தி எட்டி அதன் கைப்பிடியைப் பற்றி உள்ளே இழுத்துப் போட்டாள்.

“காலையிலேர்ந்து இதே கதைதான் தோழர். பிடிமானம் இல்லைங்குது.”

மேலாளர் பரசுராமன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார். “இன்னும் நீங்க கிளம்பலையா பெருசு? தாங்குறதுக்கு இரும்பு இருக்கு. பேசுறதுக்கு எதுக்கு ஒரு ஆளு?”

வேதமாணிக்கம் சுமைகளிடம் போனார். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய்த் தைத்தது. கூட்டத்தில் மொத்தமாகக் கை தூக்கச் சொன்னால் பொய் வரும் என்பது அவர் அனுபவம். ஒவ்வொருவராகக் கேட்டார்.

“காத்தே, நீ ஏறும்போது பாலத்தை யார் பிடிக்கிறாங்க?”

“தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற கரை.”

“அதிர்வு, உனக்கு?”

“அதே ரெண்டு கரைதான் தலைவரே.”

“இரண்டாம் ஷிப்டு?”

“யாரும் இல்லை. நீங்கதானே காலையில எழுதிக் கொடுத்தீங்க, எங்களை எவனும் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு?”

காற்று களுக்கென்று சிரித்தது.

எழுதிக் கொடுத்தது உண்மைதான். மென்பொருள் அந்த வரியைப் பாலத்துக்கும் சேர்த்துப் படித்திருந்தது. ஆலைக் கதவைப் பூட்டிக் கூட்டத்தை உள்ளே அடைத்த நாட்களைப் பார்த்தவர் அவர். கோரிக்கையை வாபஸ் வாங்கியதாக அவர் சரித்திரத்தில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே முதல் ஷிப்டு ஆட்கள் சிலர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுவது தெரிந்தது.

“அடிச்சுடும்மா அந்த வரியை,” என்றார் தமயந்தியிடம். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பினார். “பிடிக்கப்போறது உங்களை இல்லப்பா. பாலத்தை. நீங்க எப்பவும்போல ஓடுங்க.”

இரண்டாம் ஷிப்டு தனக்குள் கூடிப் பேசியது. “அப்படின்னா சம்மதம். ஆனா கரை ரெண்டும் அசையக் கூடாது.”

“அசையாது,” என்றாள் தமயந்தி. இரண்டு கரைகளையும் அதன் பெயரிலும் பொருத்தினாள்.

இரண்டாம் ஷிப்டு ஓடி ஏறியது. பாலம் ஒரு முறை முனகியது. நின்றது.

பிறகு மென்பொருள் தன் வழக்கமான வேலையைத் தொடங்கியது: எதையும் தாங்காத இடங்களையெல்லாம் அரித்து எடுத்தது. பாலம் மெலிந்து, எலும்பும் நரம்புமாக அழகாகிக்கொண்டே வந்தது. பாலம் முடிந்த பிறகும் அது நிறுத்தவில்லை. பெஞ்சின் ஒரு கால் போனது. சுவர்க்கடிகாரம் போனது. கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, பரசுராமன் என்று வரிசையாக அரித்துக்கொண்டு வேதமாணிக்கத்திடம் வந்தது. சற்று நின்றது. அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

அவர் தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். வலியோடு அப்படியே இருந்தது.

“வாங்க, ஏறிப் பார்ப்போம்,” என்று சுமைகளைக் கூட்டிக்கொண்டு, சுவர் இருந்த இடத்தின் வழியாக வெளியே நடந்தார்.