சத்தமில்லாமல் வந்த வெள்ளை வண்டி

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்களைப் பற்றி மட்டுமே எழுதும் ஒரு மாத இதழின் ஆசிரியர் போன் செய்தார். "கார் பைத்தியம்னா யாரு? அதை வெச்சு ஒரு கட்டுரை குடுங்க. கொஞ்சம் கலகலப்பா இருக்கட்டும்" என்றார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றவன். மூன்றாவது முறை தேர்வு அதிகாரி சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கப் பார்த்தார். இதையெல்லாம் ஆசிரியரிடம் சொல்லவில்லை. சரி என்று ஒப்புக்கொண்டேன்.

இரண்டு தெரு தள்ளி என் அக்கா வீடு. கார் பைத்தியம் என்றால் என் அத்தான்தான். நண்பர்கள் அவரை 'கியர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவும் தினமும் கார் ஓட்டுகிறாள், ஆனால் அவளுக்கு யாரும் எந்தப் பட்டப்பெயரும் வைக்கவில்லை. இவர்கள் இரண்டு பேரையும் வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கட்டுரை நாலாவது வரியிலேயே கதைப்பக்கம் திரும்பிவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: "கார் பைத்தியம் என்பவர், காரை நிறுத்திவிட்டு நடக்கும்போது ஒரு முறையாவது திரும்பிப் பார்ப்பவர்." (வேண்டாம். அக்காவும் திரும்பிப் பார்ப்பாள், விளக்கு அணைந்திருக்கிறதா என்று.)

தொடக்கம் இரண்டு: "துருப்பிடித்துக் கிடந்த ஒரு இரண்டு கதவுக் காரை ஒன்பது வருடம் மெனக்கெட்டு உயிர்ப்பித்த அவர்..." (நிறுத்து. இது அவர் கதை என்று யார் சொன்னது?)

தொடக்கம் மூன்று: "அன்று காலை அவளுக்கு ஆறு வீடுகள் இருந்தன."

இது ஓடும் போலிருக்கிறது.

3

அன்று காலை அவளுக்கு ஆறு வீடுகள் இருந்தன. அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் விழுந்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், தோளைத் தூக்க முடியாதவர் என்று வீடு வீடாகப் போய்க் கைகால்களை வேலை வாங்கிவிட்டு வருவது அவள் தொழில். பதினோரு வருடமாக ஒரே சின்னக் கார். பின் சீட்டில் மடக்குக் கட்டில், ரப்பர் பட்டைகள், ஒரு பெரிய நீலப் பந்து. பந்தைப் பார்த்துவிட்டுச் சிக்னலில் பக்கத்து வண்டிக் குழந்தைகள் கை காட்டும். அவளும் காட்டுவாள்.

அந்தக் கார் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டால் முழிப்பாள். ஆனால் காலையில் முதல் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஒரு நொடி பொறுத்தால் விழும் என்று தெரியும். எந்தத் தெரு வேகத்தடை இடுப்பில் அடிக்கும், எந்த வீட்டு வாசலில் பத்து மணிக்குமேல் நிழல் இருக்காது என்றெல்லாம் தெரியும். காரின் நாலு பக்கமும் நசுங்கல்கள் உண்டு. ஒவ்வொன்றும் எங்கே, யாரால் என்று சொல்லுவாள், கோபமே இல்லாமல்.*

அத்தானின் இரண்டு கதவுக் கார் ஷெட்டில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். கீழே துணி விரித்து, மல்லாந்து படுத்து, அடிப்பாகத்தைக்கூடத் துடைப்பார். அதன் சாவியை அவள் கையில் அவர் தந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

"நானும்தாங்க தெனம் அறுபது கிலோமீட்டர் ஓட்டுறேன்" என்றாள் ஒரு நாள், அவருடைய நண்பர்கள் வீட்டில் கூடியிருந்தபோது.

"நீ எங்க ஓட்டுற? போயிட்டு வர்ற, அவ்வளவுதான்" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன், அதை இங்கே மறைத்து என்ன ஆகப் போகிறது.

* (அடிக்குறிப்பு. இது கட்டுரைக்குப் பயன்பட்டிருக்கும். கடைசி வீடு முடிந்ததும் சில நாள் அவள் நேரே வீட்டுக்கு வருவதில்லை. ஏரிக்கரைச் சாலையில் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு ஒரு சுற்று. "சும்மாடா. வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல. வளைவு நல்லா இருக்கும்" என்றாள், எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி. "அவர்கிட்ட சொல்லித் தொலைக்காத.")

4

இதுவரை எழுதிவிட்டு நான்கு முறை எழுந்து போனேன். ஒரு முறை டீ போட. ஒரு முறை அந்த டீயைத் தேட. கை ஓடவில்லை என்பதைவிட, கை ஓடுகிற திசை பிடிக்கவில்லை என்பதுதான் சரி. இதழ் வெள்ளிக்கிழமை வெளிவருகிறது. அச்சுக்குப் போக எனக்கு இருப்பது இன்று ஒரு நாள். கலகலப்பாக இருக்கட்டும் என்று சொன்ன ஆசிரியரின் குரல் ஒரு காதில். இன்னொரு காதில் அக்கா.

அத்தானைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அவருக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரிந்தும் பூசி மெழுகுகிறாரா? எழுதுகிறவனுக்கே பாத்திரத்தைப் பற்றித் தெரியாவிட்டால் கதை என்ன

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.)

5

அத்தானுக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. மகளுக்குப் பத்து வயது. தெருவில் வண்டி வரும்போது, "திரும்பாமச் சொல்லணும்ப்பா" என்பாள். அவர் காரைத் துடைத்தபடியே கம்பெனி, மாடல், சமயத்தில் பிறந்த வருடம்கூடச் சொல்வார். "சைலன்சர்ல ஓட்டை. பாவம், ஓனருக்கே தெரியாது" என்று கூடுதலாக ஒன்று போடுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் விருந்தாளிகளை அழைத்துவந்து இதைக் காட்டியிருக்கிறார்கள். திரும்பாமல் சொல்வதுதான் பெருமை. ஆகவே அவர் திரும்பாததை யாரும் குறையாக நினைக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு. நல்ல வெயில். அத்தான் வாளியோடு கேட்டுக்கு வெளியே வந்து தெருவைப் பார்த்து நின்றார். இடப்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது. எலெக்ட்ரிக் கார், சத்தமே கிடையாது. தெருவில் வேறு ஒன்றும் இல்லை, மரம்கூட மறைக்கவில்லை. அவர் தண்ணீரை ஊற்ற ஓரத்துச் சாக்கடைப் பக்கம் போகாமல், தெருவுக்குள் நேரே இரண்டு எட்டு எடுத்து வைத்தார்.

"அப்பா! வெள்ளை வண்டி!" என்று மகள் கத்தினாள்.

கார் நின்றுவிட்டது. அவர் முட்டிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு வாளி வைக்கலாம், அவ்வளவு இடம். அவர் வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓட்டுநரைப் பார்த்து, "எங்கேருந்து வந்தீங்க?" என்றார். வாய் தவறிக் கேட்டுவிட்டாரோ என்னவோ, உடனே சுதாரித்துக்கொண்டார். "சத்தமே வராததெல்லாம் ஒரு வண்டியாய்யா? அயர்ன் பாக்ஸ் உருண்டு வர்ற மாதிரி!"

தெருவே சிரித்தது. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையில் ஈரத் துண்டு அப்படியே இருந்தது. இவர் வண்டிகளைப் பார்க்கவில்லை, இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

6

அவள் தொழில் அப்படி. யார் எந்தக் காலை லேசாக இழுக்கிறார்கள் என்று பார்த்தே பழகிய கண். அன்று மதியமே ஷெட்டுக்குள் போய் இரண்டு கதவுக் காரைச் சுற்றிவந்தாள். வலப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. இடப்பக்கம் மட்டும் மூன்று இடத்தில் புதிதாகப் பெயின்ட் தொட்டிருந்தது. அப்போதுதான் கேட் தூண் நினைவுக்கு வந்தது. "இந்தத் தூணை வெச்சவன் கண்ணை மூடிட்டு வெச்சிருக்கான்" என்று திட்டி, சில மாதத்துக்கு முன்புதான் கொத்தனாரைக் கூட்டிவந்து இடது தூணில் அரை அடி வெட்டி எடுத்திருந்தார் அத்தான். பதினாறு வருடம் இடிக்காத தூண் அது.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் உப்பை அவருக்கு இடப்பக்கம் தள்ளி வைத்தாள்.

"உப்பு எங்க?" என்றார்.

அதற்கடுத்த நாளும் அதே இடம். அதே கேள்வி. மூன்றாவது நாள் அவள் பதில் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையை முழுதாகத் திருப்பித் தேடி, எடுத்து, போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிட்டார்.

"ஒரு தடவ கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துரலாமாங்க?"

"எனக்கா? தெருமுனைல போற வண்டிக்கு எத்தன சிலிண்டர்னு சொல்லவா?" என்று கேட்டு, சொல்லியும் காட்டினார்.

7

முதல் பிரிவில் சொன்னது பாதிப் பொய். ஆசிரியர் போன் செய்தது நிஜம். ஆனால் நான் முடியாது என்றுதான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அக்கா தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டாள். மூன்றாவது வீட்டுக்கும் நாலாவது வீட்டுக்கும் நடுவில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழம அவரு கார் கிளப்புல எல்லாரும் மலைக்குப் போறாங்க. முப்பத்தெட்டு வளைவு. பாப்பாவ முன்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேங்கிறாரு. அவளும் நாள எண்ணிட்டு இருக்கா."

முன் சீட் என்றால் அந்தக் காரில் இடது சீட்.

"நேராச் சொல்லிடேன்க்கா."

"வண்டி விஷயத்துல என் பேச்சு அந்த வீட்டுல என்னைக்குடா எடுபட்டிருக்கு? நான் போயிட்டு வர்றவ." இடது கண்ணாடியைப் பார்த்து, தலையையும் ஒரு முறை திருப்பிப் பார்த்து, வளைத்தாள். "உன்ன எழுதக் கேட்டாங்களே, அந்தக் கார் புஸ்தகத்த அவரு டயர் விளம்பரம்கூட விடாமப் படிப்பாரு. நீ எழுது. ஆளு தெரியுற மாதிரி எழுது."

"ஊரே படிக்குமேக்கா."

"படிக்கட்டும். கோவப்படட்டும். சீக்கிரமாக் காட்டுனா இருக்குற பார்வையையாவது காப்பாத்திரலாம்டா. என் பேஷன்ட்ல ரெண்டு பேரு லேட்டாப் போனவங்க." அவள் குரல் உடைந்தது. கார் மட்டும் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

வீடு திரும்புகிற வழியில் நானே அத்தானைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பயம். மூன்று முறை தோற்றவன் பேச்சு அங்கே அக்கா பேச்சைவிட மலிவு. அதனால் ஆசிரியரைத் திரும்பக் கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

8

முடிவு அ: சனிக்கிழமை அவள் சாவியை ஒளித்துவைக்கிறாள். (நடக்காது. அவரிடம் மாற்றுச் சாவி ஒன்றல்ல, இரண்டு.)

முடிவு ஆ: ஞாயிறு காலை பெருமழை. பயணம் ரத்து. (அடுத்த ஞாயிறு மழை பெய்யாவிட்டால்?)

முடிவு இ: பதினேழாவது வளைவில், இடப்பக்கத்திலிருந்து, சத்தமே இல்லாமல் ஒரு

(எழுத மாட்டேன். அந்தச் சீட்டில் என் அக்கா பெண் உட்கார்ந்திருக்கிறாள்.)

9

கார் பைத்தியம் என்றால் யார் என்று அறிந்துகொள்ள வந்த வாசகர்கள் மன்னிக்க வேண்டும். கட்டுரை கிடைக்கவில்லை. இனி வருவது ஒரே ஒருவருக்கு.

அத்தான், கோபமாகத்தான் இருப்பீர்கள். என்னைத் திட்டுங்கள், அக்காவை விட்டுவிடுங்கள். தூணை வெட்டின அன்றே உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்து தனியாகப் பயந்துகொண்டு இருந்திருப்பீர்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காரை விடுங்கள் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போங்கள். பாப்பா பின் சீட்டில் ஏறிக்கொள்ளட்டும். நீங்கள் இடது சீட்டில் உட்காருங்கள். அங்கே உட்கார்ந்தால் நல்ல கண் இருக்கும் பக்கம் அக்கா இருப்பாள். வளைவுகளை அவள் எப்படி எடுக்கிறாள் என்று அவ்வளவு பக்கத்தில் நீங்கள் இதுவரை பார்த்ததில்லை. அடிக்குறிப்பில் இருந்ததை நான் சொன்னேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் கண் டாக்டரிடம் உங்கள் பெயரைப் பதிந்துவைத்திருக்கிறாள். அந்த நேரத்து வீடுகளை மதியத்துக்குத் தள்ளிவிட்டாள்.

இதழ் வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பை உங்கள் வலப்பக்கம் வைக்கப்போவதாகச் சொன்னாள். படித்து முடித்திருந்தால் ஒன்றும் பேச வேண்டாம் அத்தான். ஷெட்டுக் கார் சாவியை எடுத்து அந்த உப்புக்குப் பக்கத்தில் வைத்தீர்கள் என்றால், அக்கா புரிந்துகொள்வாள்.