கிணற்று லைனில் கரண்ட் இல்லை

பிரின்சி ஐஸ் பெட்டியின் மூடியை விலக்கி, உள்ளே கிடந்த அண்ணனின் இடது கால் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அடியே, என்னாடி பண்ற? மாட்டனதக் கழட்டாத," தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா இருதயமேரி அவள் கையைப் பிடித்தாள்.

"குதிகால் மேல வந்து நிக்கிதும்மா. தலகீழா மாட்டியிருக்காங்க."

யாரோ அவசரத்தில் இழுத்து மாட்டியிருந்த வெள்ளை சாக்ஸ். கணுக்கால்வரை இறங்கியதும் பிரின்சியின் கை நின்றது. முன்னெலும்பின் மேல் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. பென்சிலால் இழுத்தது மாதிரி மெலிதாக இருந்தது. அதன் ஓரத்தில் தோல் வெளுத்துச் சுருண்டிருந்தது.

அவள் சாக்ஸைத் திரும்ப ஏற்றினாள். நகர்ந்து போய் அண்ணன் கைகளில் மாட்டியிருந்த வெள்ளைக் கையுறையை, ஜெபமாலை நழுவாமல், ஒவ்வொன்றாக விரல்நுனி வரை விலக்கிப் பார்த்தாள். வலது ஆள்காட்டி விரலில் எப்போதோ ஈயம் பற்றவைக்கும்போது சுட்டுக்கொண்ட பழைய தழும்பு. வேறு ஒன்றும் இல்லை. இரண்டு கைகளும் சுத்தமாக இருந்தன.

காலையில் ஆறரைக்கு ஒரகடம் ஹாஸ்டலுக்கு வந்த போனில் பெரியப்பா சவரிநாதன் சொன்னது வேறு. "பாப்பா, வளன் போயிட்டாம்மா. மோட்டாரு கொட்டாயில ஸ்டார்ட்டர்ல கைய வச்சிக்கினு கெடந்தான். ஒயர நோண்டாத, நோண்டாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?" செல்போன் பாகம் கோர்க்கும் கம்பெனியின் சீருடையோடேயே அவள் பஸ் ஏறினாள். திண்டிவனத்தில் இறங்கி, பெருமுக்கல் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வீடு வந்து சேர்ந்தபோது மணி பத்தே கால். பன்னிரண்டுக்குப் பூசை, உடனே அடக்கம் என்று எல்லாம் முடிவாகியிருந்தது.

வழியெல்லாம் அந்த வாக்கியம்தான் அவள் காதில் ஓடியது. ஸ்டார்ட்டரில் கை. இருபது வருடம் ஒயரோடு புழங்கிய கை.

பிரின்சி செல்போனை எடுத்தாள். மெசேஜ்களில் பாதிக்கு மேல் அண்ணன் செய்த டப்பா அனுப்பியவை. கிணற்று லைனில் கரண்ட் வந்தாலும் போனாலும் தன் பேட்டரியிலிருந்தே மெசேஜ் அனுப்பும், போன் அடித்தால் மோட்டாரை ஓடவிடும் டப்பா. சென்னை வேலையை விட்டுவிட்டு வந்த வளன் அதற்கான புரோகிராமை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று நெட்டில் போட்டிருந்தான். கென்யாவில் ஒருவர் சோளக் காட்டுக்கு வைத்திருந்தார். ஒலக்கூர் வட்டாரத்தில் மட்டும் நாற்பத்து மூன்று கிணற்றில் இருந்தது. ஒவ்வொன்றையும் அவனே சாமானுக்கான காசு மட்டும் வாங்கி மாட்டிக் கொடுத்தான்.

சொந்தக் கிணற்றின் மெசேஜ் அப்பாவுக்கும் பிரின்சிக்கும் வரும்படி வைத்திருந்தான். அப்பா அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

"எனக்கு எதுக்குண்ணா இது? நானா வந்து தண்ணி பாய்ச்சப் போறேன்?" என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள்.

"நீ நைட் ஷிஃப்டுல முழிச்சிக்கினு இருக்கறவ. தப்பா வந்தா நீதான் கண்டுபுடிப்ப. நீதான் என் டெஸ்ட்டர்."

அந்தப் புரோகிராமோடு போகும் நன்றிப் பட்டியலில் உண்மையிலேயே அவள் பெயரைச் சேர்த்திருந்தான்.

இன்றைய மெசேஜ் இரண்டு. 'கிணற்று லைனில் கரண்ட் இல்லை. 2:10.' 'கரண்ட் வந்தது. 6:04.'

"அம்மா, ராத்திரி அண்ணன் எப்பம்மா படுத்துது?"

"எங்கடி படுத்தான்? நாலு மணிக்கு நான் வெளிய போக எழுந்தேன். லைட்டப் போட்டுக்கினு கம்ப்யூட்டர்ல டொக்கு டொக்குன்னு தட்டிக்கினு இருந்தான். காப்பி போடட்டான்னு கேட்டேன். 'புரோகிராம்ல ஒரு தப்பு மாட்டிக்கிச்சிம்மா, முடிச்சிட்டு கெணத்தாண்ட போய் பாத்துட்டு வந்து குடிக்கிறேன்'னான்..." அம்மா மேலே சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிரின்சி எழுந்து வெளியே வந்தாள். வாசற்படியில் ஒரு மஞ்சள் பை கிடந்தது. உள்ளே ஒயர் தொங்க ஒரு டப்பா. வளன் மாட்டிக் கொடுத்ததை எவனோ பயந்துபோய் விடிந்ததும் கழற்றிக்கொண்டுவந்து, மாலை கூடப் போடாமல், படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பந்தலில் அப்பா சூசை பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பேப்பர். பக்கத்தில் பெரியப்பா நின்று பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தார். பெரியப்பா ஊர்க் கமிட்டித் தலைவர். அப்பாவுக்கு நேர் மூத்தவர். அவருடைய மல்லாட்டைக் கொல்லையின், அந்த வேர்க்கடலை வயலின், வரப்பு வழியாகத்தான் இவர்கள் கிணற்றுக்குப் போகவேண்டும்.

"என்னாப்பா அது?"

"ஒண்ணும் இல்ல பாப்பா," என்றார் பெரியப்பா. "ஃபாதரு கேப்பாரு, பின்னாடி யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. அதுக்கோசரம் ஒரு கடுதாசி."

பிரின்சி அதை அப்பா மடியிலிருந்து எடுத்துப் படித்தாள். என் மகன் தன் மோட்டார் கொட்டகையில் தான் செய்த கருவியைக் கையாளும்போது தன் கவனக்குறைவால் மின்சாரம் தாக்கி இறந்தான். இதில் யார் மீதும் சந்தேகம் இல்லை.

"பெரியப்பா, அண்ணன எத்தினி மணிக்குப் பாத்தீங்க?"

"அஞ்சு, அஞ்சேகால் இருக்கும். ஏன்?"

"கொட்டாயிலயா?"

"கொட்டாயிலதான். வேற எங்க?"

"கெணத்து லைன்ல ரெண்டு பத்துக்கே கரண்ட் போயிடுச்சி. ஆறு மணிக்குத்தான் வந்துது. கரண்ட்டே இல்லாத ஸ்டார்ட்டர்ல எப்பிடி ஷாக் அடிச்சிது?"

"யாரு சொன்னது?"

"அண்ணன்தான் சொல்லுது." செல்போனை நீட்டினாள்.

பெரியப்பா அதை வாங்கவில்லை. "செல்லு ஆயிரம் காட்டும். எழவு வூட்ல வந்து இன்னா பேச்சு பேசற நீ?"

குழி வெட்டிவிட்டு அப்போதுதான் கடப்பாரையோடு வந்திருந்த பக்கத்துக் கொல்லை ராஜாமணி, வேட்டி மடிப்பிலிருந்து தன் செல்லை எடுத்தார். கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து எழுத்துக் கூட்டினார். "என் கெணத்துக்கும் அதே ரெண்டு பத்துதான் பாப்பா. அந்த டப்பா ஒரு நாளும் பொய் சொன்னது கெடையாது. எம் பொண்டாட்டிகூட சொல்லுவா, அது ஒண்ணுதான் இந்த ஊர்ல உண்மை பேசுதுன்னு."

யாரும் சிரிக்கவில்லை.

"உங்க கெணத்துக்கும் அண்ணன்தானே போட்டுக் குடுத்துது? உங்க செல்லுலயும் வந்திருக்கும் பெரியப்பா," என்றாள் பிரின்சி. "எடுத்துப் பாருங்க."

பெரியப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. எடுக்கவில்லை. பையை மூடியபடி அப்படியே நின்றது.

"அண்ணன் கையில ஒரு காயமும் இல்ல. கால்ல கோடு இருக்குது. முட்டிக்குக் கீழ, காட்டுப்பன்னி வர்ற ஒசரத்துல. போன வருசம் மாதிரியே, கரண்ட் போவாத வூட்டு லைன்ல கொக்கி போட்டு மல்லாட்டக் கொல்லைய சுத்திக் கம்பி கட்டியிருந்தீங்களே, அத்தக் காலைல சுருட்டி எங்க வச்சீங்க?"

பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு எங்கேயோ பார்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் தெரியும் என்பது அந்த நொடியில்தான் பிரின்சிக்குப் புரிந்தது. அண்ணனைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனது ஒற்றை ஆளாக இருக்க முடியாது. சாக்ஸ் மாட்டியதும்.

"பன்னிக்குக் கட்னது," என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது. "மனுசனுக்கா கட்னேன்? எம் புள்ள மாதிரிதான அவனும். டேய் சூசை, நீயாச்சும் சொல்லுடா."

"புள்ள மாதிரின்னா கொல்லையிலயே வுட்டுட்டு கத்தியிருப்பீங்க. தூக்கினு போய் ஸ்டார்ட்டருகிட்ட போட்டீங்க. தெரியாம நடந்துதுன்னு சொல்லியிருந்தா எங்கப்பா உங்கள ஒரு வார்த்த கேட்டிருப்பாரா? அண்ணன் கைமேலயே பழிய எழுதி, அத்த எங்கப்பா கையாலயே கையெழுத்து வாங்க வர்றீங்க. படியில பாருங்க, டப்பாவ ஒருத்தன் கழட்டி வச்சிட்டே போயிட்டான். இந்தக் கடுதாசி வெளிய போச்சின்னா நாப்பத்தி மூணும் திரும்பி வந்துடும்."

சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"போலீசுக்குப் போகப் போறியாடி? அறுப்பாங்கடி. எம் புள்ளய கிழிச்சித் தச்சி மூட்டையா குடுப்பாங்க. வேணாம், முழுசா போவட்டும் அவன்."

பஸ்ஸில் வந்த மூன்று மணி நேரமும் அவளும் அதையேதான் வேண்டிக்கொண்டு வந்தாள், அண்ணனை முழுசாகப் பார்க்கவேண்டும் என்று. உள்ளே ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, பெத்தவளே சொல்றா," என்று பெரியப்பா பேனாவை நீட்டினார்.

அப்பா வாங்கிக்கொண்டார். மகள் கையிலிருந்த பேப்பரையும் கேட்டு வாங்கினார். படிக்கவில்லை. திருப்பி, எழுதாத பக்கத்தை மேலே வைத்து பிரின்சியிடமே கொடுத்தார்.

"நீ எழுதும்மா," என்றார். "எனக்கு அவ்ளோ எழுத வராது. கையெழுத்து போடறேன்."

"டேய், அண்ணன்டா நான்."

"அண்ணன்தான்," என்றார் அப்பா.

அவள் நாற்காலிக் கையில் பேப்பரை வைத்து எழுதினாள். எழுத்து கோணல்மாணலாகப் போனது. இரண்டு இடத்தில் பேனா பேப்பரைக் கிழித்தது. கம்பி, மல்லாட்டைக் கொல்லை, 2:10, 6:04, இடது கால். அப்பா கீழே சூசை என்று எழுத்தெழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டார். ராஜாமணி கேட்காமலேயே சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

ஸ்டேஷனுக்குப் போன் செய்து ஒன்றரை மணி நேரம் கழித்து ஜீப் வந்தது. அதன் பின்னாலேயே ஆஸ்பத்திரி வண்டி. அதற்குள் பந்தலில் பாதிப் பேர் இல்லை. பெரியப்பா மட்டும் எங்கும் போகாமல் தென்னை மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது அம்மா பிரின்சியின் சீருடையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்:

"தலய மட்டும் தொட வேணான்னு சொல்லுடி. அதுலதான் எல்லாம் எழுதி வச்சிருப்பான்."

பிரின்சி வண்டியோடு வந்த ஆளிடம் போய் அதை அப்படியே சொன்னாள். அவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை.

உடலை நாளைக்குத்தான் தருவார்கள் என்றார்கள். மூன்று மணிக்கு ராஜாமணி வந்து தயங்கி நின்றார்.

"வெட்டன குழிய வெறுமன வுட முடியாது சூசை. ஆடு மாடு வுழுந்துடும்."

அப்பா கொல்லைப்புறம் போய்ப் பந்தல் போட்ட மீதிப் பலகைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பின் முனையை பிரின்சி பிடித்தாள். இருவரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். குழியின் மேல் நான்கு பலகையை நெருக்கிப் போட்டார்கள். அப்பா ஓரங்களில் காலால் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, பக்கத்துக் கல்லறையின் மேடையில் உட்கார்ந்தார்.

மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று மெதுவாக வந்து முகர்ந்து பார்த்தது. பிறகு பலகை மேல் ஏறி நடுவில் நின்றது. பிரின்சி அதை விரட்டக் குனிந்து கல்லைத் தேடினாள்.

"இரு," என்றார் அப்பா. பலகை தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.