பெரியப்பாவுக்கு ஒரு நாற்காலி

"பெரியப்பா வந்தா எழுந்து நிக்கணும்னு தெரியாதா உனக்கு?"

"கால் வலிக்குதும்மா."

"வலிச்சாலும் நில்லு. அவர் உக்காந்தப்புறம் உக்காரலாம்."

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. காலில் ஒரு வலியும் இல்லை. மாடி அறையில் பெரியப்பா தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. அதனால் எழுந்து நிற்காமல் இருந்து பார்த்தாள். அம்மாவுக்கு அது புரியவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அப்பா போன பிறகு அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டவர் பெரியப்பா. அவர் கூடத்துக்குள் காலடி வைத்தால் எல்லோரும் எழுந்தாக வேண்டும்.

இன்று அவள் முடி வெட்டும் கடையில் பகல் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். வீட்டிலும் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடிதான் சாப்பிடுவாள். "உனக்கும் நாற்காலிக்கும் என்ன வாய்க்கா தகராறு?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவள் எல்லாவற்றையும் சொல்லி, வழக்குத் தொடுத்த பிறகு கிண்டல் நின்றுபோனது. தன் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்திலேயே நின்று சாப்பிட ஆரம்பித்தார்.

பெரியப்பா குற்றவாளி என்று போன மாதமே தீர்ப்பாகிவிட்டது. இன்று தண்டனை. கோர்ட் வராந்தாவில் அவர் மகள் வழிமறித்தாள்.

"ஏண்டி, முப்பது வருஷம் கழிச்சுதான் ஞாபகம் வந்துச்சா?"

"மறந்தாத்தானேக்கா ஞாபகம் வரணும்."

"வயசான மனுஷன உள்ள தள்ளி என்னத்தச் சாதிக்கப் போற?"

பதில் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிக்கொண்டாள். கோபத்தை வராந்தாவில் சிந்திவிட்டு உள்ளே வெறுங்கையோடு போக அவளுக்கு மனமில்லை.

உள்ளே அரசு வக்கீல் குனிந்து மெதுவாகச் சொன்னார். "அந்தக் காலத்துச் சட்டத்துல எது உச்ச தண்டனையோ, அதுக்கு மேல கோர்ட் போக முடியாதும்மா. அவரோட வயசு, வியாதியெல்லாமும் பார்ப்பாங்க."

"சட்டம் அன்னிக்குள்ளது, வயசு மட்டும் இன்னிக்குள்ளதா? அப்ப என்னோட ஒன்பது வயசு எதுல சார் சேரும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. பெரியப்பா கைத்தடியை ஊன்றி வந்தார். எதிர்ப் பக்கப் பெஞ்சில் அவர் மகள் எழுந்தாள். அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த அம்மாவும் எழுந்தாள். வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் தானும் எழுந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. கால்கள் அவளைக் கேட்கவே இல்லை. பெரியப்பா அதைப் பார்த்தார். அவருடைய உதட்டோரம் லேசாக மேலேறியது. அவள் சட்டென்று உட்கார்ந்தாள்.

நீதிபதி வந்து அமர்ந்ததும் பெரியப்பாவின் வக்கீல் கேட்ட முதல் சலுகை நாற்காலி. மூட்டுவலியாம். நீதிபதி அனுமதித்தார். பெரியப்பா காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார். அவருடைய நல்ல பெயரையும் சர்க்கரை வியாதியையும் பேரப்பிள்ளைகளையும் வக்கீல் அடுக்க, யாருடைய கல்யாண வாழ்த்தையோ கேட்பவர்போலத் தலையாட்டிக் கேட்டார்.

"பாதிக்கப்பட்டவங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்" என்றார் நீதிபதி.

அவள் எழுந்தாள். இந்த முறை கால்களிடம் சொல்லிவிட்டே எழுந்தாள். முப்பது வருஷமாகப் பெரியப்பாவுக்கென்று எத்தனையோ சாபம் சேர்த்து வைத்திருந்தாள்: புழுத்துச் சாகணும், நாதியத்துப் போகணும், தண்ணி கேட்டு யாரும் தரக்கூடாது. ஆனால் இப்போது அவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது, ஒன்பது வயசுக்காரி கூடத்தில் நின்றபடி வாய்க்குள்ளேயே முணுமுணுத்த ஒன்றுதான்.

"மேடம், எத்தனை வருஷம்னு நீங்க முடிவு பண்ணுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்."

எதிர்ப் பெஞ்சில் மடியையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிர்ந்தாள். அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள்.

"நீங்க தண்டனையைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் அவரை எழுந்து நிக்கச் சொல்லுங்க. கால் வலிச்சாலும் நிக்கட்டும்."