மீதி மாத்திரை

தம்பியின் உடலைக் குளிப்பாட்ட வாசலுக்குத் தூக்கிப் போனதும், இருளப்பன் கட்டிலில் கிடந்த தலையணைக்கு அடியில் கையை விட்டார். மாத்திரை டப்பா அகப்பட்டது. கோட்டுப் பைக்குள் தள்ளினார். கை நடுங்கியதில் பை கடகடத்தது. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நடுக்குவாதம்தான். போன வருஷம் குன்னூர்ப் பக்க ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஜூடித் அவர்கள் குடியிருந்த தேயிலைத் தோட்ட லயத்துக்கு வந்து சொன்னாள். மூளையில் ஏதோ புரதம் மடிப்புத் தப்பிக் குப்பையாகச் சேருகிறதாம். சளிக்குக் கொடுக்கிற பழைய மருந்து அதை அள்ளிக்கொண்டு போகுமா என்று பார்க்கிறார்களாம்.

"சளி மருந்து மண்டைக்கு எந்த வழியா ஏறும்? நான் என்ன எலியா?" என்று விரட்டினார் இருளப்பன். தம்பி நவநீதன் அந்தச் சோதனைக்குக் கையெழுத்துப் போட்டு மாத்திரை வாங்கிக்கொண்டான்.

அந்த மழைக்காலம் ஓய்வதற்குள் தம்பி டீ டம்ளரைச் சிந்தாமல் தூக்கிக் குடித்தான். அண்ணனைப் பார்த்துக்கொண்டே குடித்தான். விரட்டிவிட்ட இருளப்பன் எனக்கும் கொடு என்று வாய்விட்டுக் கேட்க முடியுமா? நேற்று நெஞ்சுவலியில் அவன் போனபோதுகூட முதலில் நினைவுக்கு வந்தது அந்த டப்பாதான்.

உடலை உள்ளே கிடத்தியபோது ஜூடித் மாலையோடு வந்தாள். நவநீதன் மனைவி சுப்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"அக்கா, இந்நேரம் கேக்கக் கூடாதுங்க. மீதி மாத்திரைய திருப்பி வாங்கணும். வேற யாரும் முழுங்கிடக் கூடாதுங்க."

"ஏம்மா, அது நெசமாவே மருந்துதானா?" என்றார் இருளப்பன்.

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவுங்க. இவருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க."

பை கடகடத்தது. சுப்பம்மா அதைப் பார்த்தாள்.

"எல்லாம் தீந்துபோச்சும்மா," என்றாள் ஜூடித்திடம்.

நர்ஸ் நகர்ந்ததும் சுப்பம்மா இருளப்பனுக்குக் கிட்டே வந்தாள். "எங்கிட்டக் கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன் மாமா. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் முழுங்குவாரு. மிச்சம் உங்களுக்குன்னு. 'அண்ணன் ஒரு வார்த்த கேக்கட்டும், குடுக்கறேன்'னு கெடந்தாரு."

"நாய்ப்பய. அவனா குடுத்தா என்னவாம்?"

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். பையிலிருந்து கையை எடுத்துத்தான் அரிசி அள்ள வேண்டியிருந்தது. கை ஆடி, அரிசி தம்பியின் மீசையிலும் கழுத்திலும் சிதறியது. கோட்டுக்குள் டப்பா விடாமல் கடகடத்தது. யாரும் திரும்பவில்லை.

கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டிய நவநீதனின் கைகள் நெஞ்சின்மேல் கிடந்தன. துளி நடுக்கமில்லை. இருளப்பன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.